செனட்டர் மந்திரி பெசாரானால்: தங்காக் வட்டாரம் கூறும் அரசியல் வரலாறு



மேலவையில் அமர்ந்திருக்கும் ஒருவர், மாநிலத்தின் தலைமைப் பதவிக்கு வர விரும்புகிறார் என்று செய்தி வருகிறது. உடனே மாநில அரசியல் சூடு பிடிக்கிறது. அவர் எந்தத் தொகுதியில் நிற்பார்? அந்தத் தொகுதியில் இப்பொழுது இருப்பவர் எங்கே போவார்? மேலே அவர் விட்டுச் செல்லும் இடம் யாருக்கு? இக்கேள்விகள் அமெரிக்காவிலும் எழுகின்றன, இந்தியாவிலும் எழுகின்றன, நம் மலேசியாவிலும் எழுகின்றன. ஒருவர் இடம் மாறினால் பலர் இடம் மாற வேண்டியிருக்கிறது. அந்த மாற்றத்தில் சாதாரணக் குடிமக்களின் இடம் என்னவாகிறது என்பதையே இன்று நாம் வரலாற்றின் துணைகொண்டு ஆராய விருக்கிறோம்.

இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் வட்டாரம் ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் உள்ள தங்காக். லேடாங் மலையின் அடிவாரத்து ஊர். ஜவுளிக்கடைகளுக்குப் பெயர் பெற்றது. திருமணத்துக்குத் துணியெடுக்க மூவாரிலிருந்தும் சிகாமட்டிலிருந்தும் மலாக்காவிலிருந்தும் மக்கள் வந்து போகும் ஊர் என்றால் நேயர்கள் பலருக்கு உடனே நினைவு வரும். இம்மாவட்டம் முன்பு லேடாங் என வழங்கியது; 2015-ஆம் ஆண்டில் தங்காக் மாவட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. தங்காக், கேசாங், செரோம், கிரிசெக், குண்டாங், புக்கிட் செராம்பாங் என்னும் ஆறு முக்கிம்களைக் கொண்டது. பரப்பில் பெரிய மாவட்டமன்று. ஆனால் ஜொகூர் மாநிலத்தின் அரசியலில் இவ்வட்டாரம் பெற்ற இடம் மிகப் பெரியது. அதைப் பார்க்கும் முன்பு, பதவிகளின் பெயர்களைச் சற்றுத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பெயர்க் குழப்பம் இருந்தால் வரலாறும் குழம்பிவிடும்.

அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் மாநில மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர். மாநில நிர்வாகம் முழுவதும் அவர் கையில் இருக்கும். செனட்டர் என்பவரும் அங்கே மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவரே. ஆனால் அவர் தலைநகர் வாஷிங்டனில் இருந்து சட்டம் இயற்றுபவர். இவ்விரு பதவிகளுக்கும் இடையே ஆட்கள் மாறுவது அங்கே வழக்கமான நிகழ்ச்சி. கலிஃபோர்னியா மாநிலத்தின் செனட்டராக இருந்த பீட் வில்சன், 1990-ஆம் ஆண்டு ஆளுநர் தேர்தலில் நின்று டயான் ஃபைன்ஸ்டைன் என்னும் அம்மையாரைத் தோற்கடித்தார். ஆளுநரானதும், தாம் விட்டு வந்த செனட் இடத்துக்கு ஜான் சீமோர் என்பவரைத் தாமே நியமித்தார். 1992-இல் அந்த இடத்துக்குத் தேர்தல் நடந்தபொழுது, முன்பு வில்சனிடம் தோற்ற அதே அம்மையார் சீமோரைத் தோற்கடித்துச் செனட்டரானார். ஒருவர் இடம் மாறியதால் இரண்டே ஆண்டுகளில் மாநிலத்தின் அரசியல் வரிசையே மாறிப்போயிற்று.

நம் நாட்டில் நிலைமை வேறு. ஜொகூர் போன்ற ஒன்பது மாநிலங்களில் சுல்தான் அல்லது அவரை ஒத்த அரசர் இருக்கிறார். மலாக்கா, பினாங்கு, சபா, சரவாக் ஆகிய நான்கு மாநிலங்களில் ஆளுநர் இருக்கிறார். அவர் மாட்சிமை தங்கிய பேரரசரால் நியமிக்கப்படுபவர். தேர்தலில் நின்று வருபவரல்லர். மேலவைத் தலைவராக இருந்த வான் ஜுனைடி துவாங்கு ஜாஃபார் 2024 ஜனவரியில் சரவாக் ஆளுநரானார். இது நியமனம், இதில் வாக்குப்பெட்டிக்கு வேலையில்லை. ஆகவே, அமெரிக்காவில் ஆளுநர் செய்யும் வேலையை நம் மாநிலங்களில் செய்பவர் யார் என்று கேட்டால், அரசர் உள்ள மாநிலங்களில் மந்திரி பெசார், ஆளுநர் உள்ள மாநிலங்களில் முதலமைச்சர் அல்லது அவர்க்கு ஒப்பானவர் என்பதே விடை.

நம் செனட்டரும் அமெரிக்கச் செனட்டரைப் போன்றவரல்லர். நம் மேலவையில் எழுபது இடங்கள். பதின்மூன்று மாநிலச் சட்டமன்றங்கள் ஒவ்வொன்றும் இருவரைத் தேர்ந்தெடுக்கும். அதனால் இருபத்தாறு பேர். மீதி நாற்பத்து நான்கு பேர் பேரரசரால் நியமிக்கப்படுபவர்கள். தவணை மூன்று ஆண்டு. ஒருவர் இரண்டு தவணைக்கு மேல் இருக்க இயலாது. எனவே அரசியலில் நெடுங்காலம் நிலைக்க எண்ணும் செனட்டர், என்றேனும் ஒரு நாள் மக்களிடம் வாக்குக் கேட்டு வரத்தான் வேண்டும்.

அப்படி வருபவர் மாநிலத் தலைவராக வேண்டுமானால், அவர் முதலில் அந்த மாநிலச் சட்டமன்றத்துக்கு உறுப்பினராக வேண்டும். சட்டமன்ற உறுப்பினர்களுள் பெரும்பான்மையோரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று சுல்தான் கருதும் ஒருவரை மந்திரி பெசாராக நியமிப்பார் என்பது விதி. ஆளைப் பதவியில் அமர்த்திவிட்டுப் பிறகு தொகுதி தேடிக்கொள்ளும் வசதி இங்கே இல்லை. மாநிலத்துக்கு மேலவையும் கிடையாது. ஆகையால், நாடளவில் எவ்வளவு பெயர் பெற்றவராயினும் ஒரு சிறிய தொகுதியின் வாக்காளர் முன் வந்து நின்றாக வேண்டும். பெரிய மனிதர் ஒருவர் சிறிய தொகுதி ஒன்றைத் தேடுகிறார். இங்கேதான் தங்காக் வட்டாரத்தின் கதை தொடங்குகிறது.

அப்துல் கனி ஒத்மான் இவ்வட்டாரத்துச் சுங்கை மாத்தியில் 1946-இல் பிறந்தவர். பொருளியல் படித்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றியவர். அரசியலில் அவர் ஏறிய முதற்படி மேலவை. செனட்டராக இருந்துவிட்டு, 1986-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தம் சொந்த வட்டாரமான லேடாங் நாடாளுமன்றத் தொகுதியில் நின்று வென்றார். பின்னர் நிதித் துணை அமைச்சராக இருந்தார்; 1993-இல் இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சரானார். அதுவரை அவருடைய பாதை கோலாலம்பூரை நோக்கியே சென்றது.

அதே 1986-இல் இன்னொருவர் எதிர்த்திசையில் பயணம் செய்தார். அவர் முகைதீன் யாசின். 1978 முதல் பாகோ நாடாளுமன்றத் தொகுதியின் உறுப்பினர். மத்திய அரசாங்கத்தில் துணை அமைச்சர். 1986-இல் நாடாளுமன்றத்தை விட்டு, புக்கிட் செராம்பாங் சட்டமன்றத் தொகுதியில் நின்று வென்று, ஆகஸ்டு மாதத்தில் ஜொகூரின் மந்திரி பெசாரானார். அத்தொகுதிக்குப் பெயர் தந்த புக்கிட் செராம்பாங், நாம் முன்பு சொன்ன ஆறு முக்கிம்களுள் ஒன்று.

ஒன்பதாண்டுகள் சென்றன. 1995-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இருவரும் இடம் மாறினர். முகைதீன் பாகோ நாடாளுமன்றத் தொகுதிக்குத் திரும்பினார். அப்துல் கனி செரோம் சட்டமன்றத் தொகுதிக்கு வந்தார். முகைதீன் இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சரானார். அப்துல் கனி மந்திரி பெசாரானார். அதாவது, ஒருவர் விட்ட நாற்காலியில் மற்றவர் அமர்ந்தார். முன்னாள் செனட்டர் மாநிலத் தலைவராகிவிட்டார். செரோமும் தங்காக் மாவட்டத்து முக்கிமே. எனவே 1986 முதல் 2013 வரை ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள், ஜொகூர் மாநிலத்தை ஆண்ட மந்திரி பெசார் இந்தச் சிறு வட்டாரத்தின் தொகுதி ஒன்றிலிருந்தே வந்தார் எனலாம்.

ஜொகூர் ஏன் அவ்வளவு முக்கியம் என்று நேயர்கள் கேட்கலாம். 1946 மே மாதத்தில் அம்னோ கட்சி பிறந்தது ஜொகூர் பாருவில். அதன் நிறுவனர் டத்தோ ஓன் ஜாஃபார் ஜொகூரின் மந்திரி பெசாராகவும் இருந்தவர். நாடாளுமன்றத்தில் ஜொகூருக்கு இருபத்தாறு இடங்கள். ஆகவே அம்மாநிலத்தின் தலைமை, கட்சிக்குள் ஓர் ஏணிப்படியாகவும் விளங்கியது. முகைதீன் அந்தப் படியில் ஏறி மத்திய அமைச்சராகி, 2009-இல் துணைப் பிரதமராகி, 2020-இல் பிரதமரானார். அப்துல் கனியோ அந்தப் படியிலேயே பதினெட்டு ஆண்டுகள் நின்றார். இரண்டுமே மாநில அரசியலை மாற்றிய வழிகள். ஒன்று, மாநிலத் தலைமையை மேலே போவதற்கான வாயிலாக்கியது; மற்றொன்று, அதையே ஒரு முழுமையான பணியாக்கியது.

சரி, மந்திரி பெசார் நாற்காலியில் அப்படி என்ன இருக்கிறது? மேலவையில் பேசுவதைவிட அதில் என்ன கூடுதல் பலம்? ஒரே சொல்லில் விடை கூறினால், நிலம்.

நம் அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை, மத்திய அரசாங்கத்துக்கும் மாநிலத்துக்கும் உள்ள அதிகாரங்களைப் பிரித்துக் காட்டுகிறது. பாதுகாப்பு, வெளியுறவு, கல்வி, மருத்துவம் ஆகியவை மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு. நிலம், காடு, வேளாண்மை, ஊராட்சி, இஸ்லாமிய சமயம் ஆகியவை மாநிலத்தின் பொறுப்பு. 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின்படி, தனியாருக்கு வழங்கப்படாத நிலமெல்லாம் மாநில ஆட்சிக்கே உரியது. இதன் பொருள் என்ன என்பதைத் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளியின் ஆசிரியரும் பாடநூலும் கோலாலம்பூரிலிருந்து வருவன. ஆனால் பள்ளி நிற்கும் நிலத்துக்குப் பட்டா வேண்டுமானால் மாநில அரசாங்கத்திடம் செல்ல வேண்டும். கோயில் நிலம், இடுகாட்டு நிலம், தோட்டம் விற்கப்பட்டபின் குடியிருப்புக்கு வேண்டிய நிலம் எல்லாமே அப்படித்தான்.

1950-களிலும் 1960-களிலும் பால்மரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டபொழுது, தோட்டத் தொழிலாளர்கள் வேலையோடு வீட்டையும் இழக்கும் நிலை உண்டாயிற்று. அதைக் கண்டே துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தொழிலாளர்களே தோட்டம் வாங்கலாம் என்ற எண்ணம் அதன் அடித்தளம். நிலமில்லாதவனுக்கு அரசியல் வலிமையும் குறைவு என்பதை அத்தலைமுறை அனுபவத்தில் கற்றது. இன்று பால்மரத்தின் இடத்தில் செம்பனை நிற்கிறது. பல தோட்டங்களில் வீடமைப்புத் தாமான்கள் எழுந்துவிட்டன. ஆனால் நிலம் யார் கையில் என்ற கேள்வி மாறவில்லை. மாநில ஆட்சிக்குழுவில் நம் குரல் ஒலிக்கிறதா என்பது அதனால்தான் வெறும் பதவிக் கணக்கு அன்று.

அப்துல் கனியின் காலத்தில் ஜொகூரின் முகம் பெரிதும் மாறியது. 2006 நவம்பரில் தெற்கு ஜொகூரில் ஒரு மாபெரும் பொருளாதார மண்டலம் தொடங்கப்பட்டது. இன்று அது இஸ்கந்தார் மலேசியா என்ற பெயரால் அறியப்படுகிறது. மாநிலத்தின் ஆட்சி மையமும் ஜொகூர் பாருவின் பழைய மேட்டிலிருந்து, 2009-இல் நூசாஜெயாவில் எழுந்த கோத்தா இஸ்கந்தாருக்கு மாறியது. இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மந்திரி பெசார் வடக்கு மூலையைச் சேர்ந்தவர். ஆனால் அவர் காலத்துப் பெரும் முதலீடு சென்றதோ சிங்கப்பூரை நோக்கிய தெற்கு மூலைக்கு. தம் ஊர்க்காரர் தலைவரானால் தம் ஊருக்கே எல்லாம் வந்துவிடும் என்று வாக்காளர் எண்ணுவது இயல்பு. பொருளாதாரம் அப்படி நடப்பதில்லை. துறைமுகமும் விமான நிலையமும் அண்டை நாட்டுச் சந்தையும் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் முதல் செல்லும்.

இந்த வளர்ச்சியே அவருக்கு ஒரு சோதனையாகவும் வந்தது. 2004-இல் ஜொகூர்ச் சட்டமன்றத்தின் ஐம்பத்தாறு இடங்களில் ஐம்பத்தைந்தை வென்ற தேசிய முன்னணி, 2008-இல் ஐம்பதையே பெற்றது. 2013-இல் ஜனநாயக செயல் கட்சியின் மூத்த தலைவர் லிம் கிட் சியாங், கேலாங் பாத்தா நாடாளுமன்றத் தொகுதியில் வந்து நின்றார். அவரை எதிர்க்க வலுவான ஆள் வேண்டுமென்று, தேசிய முன்னணி தன் மந்திரி பெசாரையே அங்கே நிறுத்தியது. கோத்தா இஸ்கந்தார் அமைந்திருந்த தொகுதியும் அதுதான். அப்துல் கனி செரோமை விட்டுத் தெற்கே சென்றார்; 14,762 வாக்குகள் குறைவாகப் பெற்றுத் தோற்றார். தாம் எழுப்பிய ஆட்சி மையம் நின்ற தொகுதியிலேயே அவருடைய தேர்தல் வாழ்வு முடிவுற்றது. அண்டை மாநிலமான மலாக்காவிலும் அதே தேர்தலில் முதலமைச்சர் முகமட் அலி ருஸ்தாம் நாடாளுமன்றத்துக்கு நின்று தோற்றார். அவர் பின்னர் 2020-இல் மலாக்காவின் ஆளுநராக நியமிக்கப்பட்டார்.

கீழிருந்து மேலே போவது எவ்வளவு கடினமோ, மேலிருந்து கீழே வருவதும் அவ்வளவே கடினம் என்பதற்கு இவை சான்றுகள். மாநிலத் தலைவர் என்ற பெயர் ஒரு தொகுதியில் செல்லும்; மற்றொரு தொகுதியில் செல்லாது. வாக்காளர் பெயரை மட்டும் பார்ப்பதில்லை; காலத்தையும் பார்க்கிறார்.

அவ்வாண்டில் தேசிய முன்னணி ஜொகூரில் முப்பத்தெட்டு இடங்களே பெற்றது. தங்காக் சட்டமன்றத் தொகுதியும் ஜனநாயக செயல் கட்சியின் கைக்குச் சென்றது. காலியான மந்திரி பெசார் நாற்காலிக்கு மீண்டும் கோலாலம்பூரிலிருந்தே ஆள் வந்தார். உயர்கல்வி அமைச்சராக இருந்த முகமட் காலிட் நோர்டின், பெர்மாஸ் சட்டமன்றத் தொகுதியில் வென்று மந்திரி பெசாரானார். 1986, 1995, 2013 என மூன்று முறையும் ஒரே வழக்கம் கடைப்பிடிக்கப்பட்டது. மத்திய அரசாங்கத்தில் பழகியவர் மாநிலத்துக்கு அனுப்பப்பட்டார். இதில் நன்மை உண்டு. கோலாலம்பூரின் கதவுகள் அவருக்குத் தெரியும். நிதி கேட்கத் தெரியும். குறையும் உண்டு. மாநிலத்திலேயே உழைத்து வளர்ந்தவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு படி தள்ளியே நிற்க வேண்டியதாயிற்று.

இனி நம் தமிழ் நேயர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய பகுதிக்கு வருகிறோம். லேடாங் நாடாளுமன்றத் தொகுதியில் கம்பீர், தங்காக், செரோம் என்று மூன்று சட்டமன்றத் தொகுதிகள். இவற்றுள் கம்பீர், தேசிய முன்னணிக்குள் ம.இ.கா.வுக்கு ஒதுக்கப்பட்டிருந்த தொகுதி. 2013-இல் ம.இ.கா.வின் எம். அசோஜன் அங்கே வென்றார். இந்தியர்கள் எண்ணிக்கையில் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஜொகூரில் எதுவும் இல்லை. எனவே இத்தகைய ஒதுக்கீட்டின் வாயிலாகவே நம்மவர்கள் சட்டமன்றத்துக்குச் சென்று வந்தனர்.

2018-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் முகைதீன் யாசின், அம்னோவை விட்டு வெளியேறிப் பெர்சத்து கட்சியின் தலைவராக நின்றார். பாகோ நாடாளுமன்றத் தொகுதியோடு கம்பீர் சட்டமன்றத் தொகுதியிலும் போட்டியிட்டார். முன்னாள் மந்திரி பெசார் ஒருவர் மீண்டும் ஒரு சட்டமன்றத் தொகுதியைத் தேடி வருகிறார் என்றால், மந்திரி பெசார் பதவியைப் பற்றிய பேச்சு எழத்தானே செய்யும். அவர் இரண்டிலும் வென்றார். ம.இ.கா. கம்பீரை இழந்தது. நம்பிக்கைக் கூட்டணி ஜொகூரில் முப்பத்தாறு இடங்களை வென்று, முதன்முறையாக மாநில ஆட்சியைப் பிடித்தது. ஆனால் முகைதீன் மாநிலத்துக்கு வரவில்லை. அவர் உள்துறை அமைச்சராகக் கோலாலம்பூருக்குச் சென்றார். கெம்பாஸ் சட்டமன்ற உறுப்பினர் ஒஸ்மான் சாபியான் மந்திரி பெசாரானார். அவர் 2019 ஏப்ரலில் பதவி விலகியபின், புக்கிட் கெப்போங் உறுப்பினர் டாக்டர் சஹ்ருடின் ஜமால் அப்பதவிக்கு வந்தார்.

இதே ஆட்சியில் நம்மவர் ஒருவரின் கதையும் உண்டு. ஜனநாயக செயல் கட்சியின் டாக்டர் எஸ். இராமகிருஷ்ணன் முன்பு மேலவை உறுப்பினராக இருந்தவர். 2018-இல் பெக்கோக் சட்டமன்றத் தொகுதியில் வென்று ஜொகூர் ஆட்சிக்குழுவில் இடம்பெற்றார். செனட்டராக இருந்த தமிழர் ஒருவர், வாக்குப்பெட்டியின் வழியாக மாநில ஆட்சிக்குள் வந்த நிகழ்ச்சி அது. ஒதுக்கீட்டு வழி ஒன்று அடைபட்டபொழுது வேறொரு வழி திறந்தது என்று இதைக் கொள்ளலாம். ஆனால் அந்த ஆட்சியின் ஆயுள் இரண்டாண்டுகூட இல்லை.

2020 பிப்ரவரி இறுதியில் மத்தியில் கூட்டணி உடைந்தது. முகைதீன் மார்ச் முதல் நாள் பிரதமரானார். ஜொகூரிலும் கூட்டு மாறியது. பெனூட் உறுப்பினர் ஹஸ்னி முகமட் மந்திரி பெசாரானார். புதிய ஆட்சிக்குச் சட்டமன்றத்தில் மயிரிழைப் பெரும்பான்மையே இருந்தது. 2021 டிசம்பரில் ஒஸ்மான் சாபியான் காலமானார். பலம் இருபத்தெட்டுக்கு இருபத்தேழு என்றாயிற்று. அந்த இருபத்தெட்டில் ஒன்று கம்பீர். நாட்டின் பிரதமராக இருந்து 2021 ஆகஸ்டில் பதவி விலகிய ஒருவரின் சட்டமன்ற இடம், ஒரு மாநில ஆட்சி நிற்பதற்கும் விழுவதற்கும் இடையே நின்ற தூண்களில் ஒன்றாகிவிட்டது! முன்பு ஒரு சிறு சமூகத்தின் பிரதிநிதிக்காக ஒதுக்கப்பட்டிருந்த தொகுதிதான் அது.

ஓர் இடப் பெரும்பான்மையில் ஆட்சி நடத்த இயலாதென்று 2022 ஜனவரியில் சட்டமன்றம் கலைக்கப்பட்டது. மார்ச் 12-ஆம் நாள் தேர்தல். பதினெட்டு வயது நிரம்பியவர்கள் வாக்களித்த முதல் மாநிலத் தேர்தல் அது. தேசிய முன்னணி நாற்பது இடங்களைப் பெற்றது. நம்பிக்கைக் கூட்டணி பன்னிரண்டு, பெரிக்காத்தான் நேசனல் மூன்று, மூடா கட்சி ஒன்று. டத்தோ ஓன் ஜாஃபாரின் வழித்தோன்றலாகிய ஓன் ஹாஃபிஸ் காஸி மந்திரி பெசாராகப் பதவியேற்றார். முகைதீன் கம்பீரில் நிற்கவில்லை. அத்தொகுதி மீண்டும் தேசிய முன்னணிக்கு வந்தது, ஆனால் ம.இ.கா.வுக்கு வரவில்லை. அம்னோ வேட்பாளரே அங்கே நின்று வென்றார். ம.இ.கா. அத்தேர்தலில் தெங்காரோ, கெமெலா, காஹாங் ஆகிய மூன்று இடங்களில் வென்றது.

நேயர்களே, இந்த வரலாற்றில் யாரையும் நாம் குற்றங்கூற வரவில்லை. அரசியலில் வலுவானவர் வலுவான இடத்தைத் தேடுவது இயற்கை. ஆனால் ஓர் உண்மையை மறைக்க முடியாது. பெரியவர் ஒருவர் சில ஆண்டுகள் தங்கிப் போகும் இடம், சிறியவருக்கு வாழ்நாள் வீடாக இருந்திருக்கக்கூடும். பெரியவர் கிளம்பிய பின்னும் அந்த வீடு பழைய குடிக்குத் திரும்புவதில்லை.

தமிழகத்து வரலாற்றிலிருந்து ஓர் ஒப்புமையைக் காட்டலாம். அறிஞர் அண்ணா 1962-இல் இந்திய நாடாளுமன்றத்தின் மாநிலங்களவை உறுப்பினரானார். நம் கணக்கில் அவரும் ஒரு செனட்டரே. 1967 தேர்தலில் அவர் சட்டமன்றத்துக்கு நிற்கவில்லை. தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில் நின்று வென்றார். அவர் கட்சி சட்டமன்றத்தில் பெரும்பான்மை பெற்றதும், மார்ச் 6-ஆம் நாள் முதலமைச்சரானார். பின்னர் மாநிலத்தின் மேலவை வழியாக உறுப்பினரானார். அவர் விட்ட தென்சென்னையில் இடைத்தேர்தல் நடந்து, முரசொலி மாறன் நாடாளுமன்றம் சென்றார். அந்த ஓர் இடமாற்றம் மாநிலத்தின் அரசியலையே திருப்பிவிட்டது. அதற்குப்பின் காங்கிரசுக் கட்சி தமிழகத்தில் ஆட்சித் தலைமைக்குத் திரும்பவில்லை. சென்னை மாநிலம் 1969 ஜனவரியில் தமிழ்நாடு என்னும் பெயரையும் பெற்றது. அண்ணா அதற்கு அடுத்த மாதமே மறைந்தார்.

இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு விளங்கும். தமிழகத்தில் நிகழ்ந்தது ஒரு கட்சியின் இடத்தில் மற்றொரு கட்சி வந்த மாற்றம். அண்ணா அதன் முகமாக விளங்கினார். ஜொகூரில் 1995-இல் நிகழ்ந்தது ஒரே கட்சிக்குள் ஆள் மாறிய மாற்றம். கலிஃபோர்னியாவில் நிகழ்ந்தது பதவிக்குப் பதவி மாறிய சங்கிலி. ஆள் மாறுவதால் மட்டும் மாநில அரசியல் மாறிவிடாது. மக்களின் மனமும் சேர்ந்து மாறியிருந்தால்தான் மாறும். பெயர் பெற்ற ஒருவரின் வருகை அம்மாற்றத்தை விரைவுபடுத்தலாம், உண்டாக்க முடியாது. அப்துல் கனியும் முகைதீனும் வலுவான அலையில் வந்தபொழுது எளிதில் வென்றனர். அலை திரும்பிய 2013-இல், பதினெட்டு ஆண்டு அனுபவமும் உதவவில்லை.

அப்படியானால் தங்காக் போன்ற ஊரில் வாழும் வாக்காளர் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளலாம்? முதலாவதாக, மாநிலத் தேர்தலை இரண்டாம் தரத் தேர்தல் என்று எண்ணக் கூடாது. 2022 ஜொகூர் தேர்தலில் வாக்களித்தவர் ஏறத்தாழ 55 விழுக்காட்டினரே. சிங்கப்பூரில் வேலை செய்வோர் பலர் வர இயலவில்லை. நோய்த்தொற்று அச்சமும் இருந்தது. என்றாலும், நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் கையில் இருக்கும்பொழுது, வாக்காளருள் பாதிக்குச் சற்று மேற்பட்டவர் மட்டும் வாக்களிப்பது நம் வீட்டுக் கதவை நாமே சாத்திக்கொள்வது போலாகும்.

இரண்டாவதாக, நாம் சட்டமன்றத்துக்கு அளிக்கும் வாக்கு மேலவை வரையிலும் செல்கிறது. ஜொகூரின் ஐம்பத்தாறு உறுப்பினர்கள்தாம் மாநிலத்தின் இரண்டு செனட்டர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். செனட்டர் கீழிறங்கி மந்திரி பெசாராகும் வழியைத்தான் இதுவரை பேசினோம். கீழிருந்து செனட்டர் உருவாகும் வழியும் இதே சட்டமன்றத்தின் வழியாகத்தான் செல்கிறது.

மூன்றாவதாக, பெயர் பெற்ற ஒருவர் நம் தொகுதிக்கு வாக்குக் கேட்டு வரும்பொழுது, அவர் யார் என்று மட்டும் கேட்டால் போதாது. அவர் எத்தனை காலம் இருப்பார், அவர் மேலே சென்றால் நம் குறைகளை யாரிடம் சொல்வது, அவருக்கு முன்பு இங்கே இருந்தவர் செய்த வேலையை யார் தொடர்வார் என்றும் கேட்க வேண்டும். கேட்பது அவமரியாதையன்று, வாக்காளரின் கடமை. தங்காக்கில் துணியெடுக்க வருபவர் எவரும் மினுமினுப்பை மட்டும் பார்த்துக் காசு கொடுப்பதில்லை. விரித்துப் பார்க்கிறார், விரலால் தடவிப் பார்க்கிறார், சாயம் போகுமா என்று கேட்கிறார். அந்த விழிப்பு வாக்குச்சாவடியிலும் இருந்தால், எந்தச் செனட்டர் எந்தப் பதவிக்கு வந்தாலும் மக்களுக்கு இழப்பு குறைவாகவே இருக்கும்.